வேப்பூர் சந்தையும் ஒரு துண்டு ஈரலும்: நாய், பூனைக்கு நாம் போடும் சாப்பாடு எங்கே போய் நிற்கிறது?

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வேப்பூர் விழித்துக்கொள்கிறது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம், சேலம் போகும் சாலையும் சந்திக்கிற கூட்டுரோடு இது. மற்ற நாட்களில் பேருந்து மாறுவதற்கும் டீ குடிப்பதற்கும் மட்டும் இறங்குகிற ஊர், வெள்ளிக்கிழமையில் ஆட்டுச் சந்தையாக மாறிவிடும்.

சிறுபாக்கம், அடரி, கழுதூர், மங்களூர் என்று சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து டூவீலரிலும் டாடா ஏஸ்ஸிலும் ஆடுகள் வந்து இறங்கும். வெளி மாவட்ட வியாபாரிகள் பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவி, தூக்கிப் பார்த்து விலை பேசுவார்கள். தீபாவளி, பக்ரீத், பொங்கல் நெருங்கினால் வேப்பூர் சந்தை செய்தித்தாளில் இடம் பிடித்துவிடும். எத்தனை கோடிக்கு விற்பனை என்பதுதான் அன்றைய தலைப்பு.

அந்தத் தலைப்பில் ஒருபோதும் வராத ஒரு ஜீவன் சந்தை ஓரத்திலேயே நிற்கும். அதுதான் நாய். ஆட்டுக்காரர் பின்னாலேயே வந்த நாய், டீக்கடை வாசலில் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் நாய், கறிக்கடைக் கட்டைக்கு அடியில் படுத்திருக்கும் நாய் என எல்லாமே அங்கு உண்டு. யாரும் அவற்றை விரட்டுவதில்லை. கையில் இருப்பதில் கொஞ்சம் போடுவார்கள். போடுகிறவர் மனதில் இருப்பது இரக்கம்தான். ஆனால், என்ன போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு துண்டு ஈரல் போகும் வழி

ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிரம்பிய கட்டிகள் சில நேரம் தென்படும். வெள்ளையாக, பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கும் மேலே இருக்கும். அதை யாரும் விற்க மாட்டார்கள். அறுத்து ஓரமாக வீசுவார்கள். கட்டைக்கு அடியில் படுத்திருக்கும் நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விடும். கறிக்கடைக்காரருக்கும் நிம்மதி, நாய்க்கும் வயிறு நிறைந்தது.

அந்தக் கட்டிக்குள் இருப்பது ‘எக்கினோகாக்கஸ்’ என்ற நாடாப்புழுவின் குஞ்சுகள். நாயின் குடலுக்குள் போனதும் அவை ஒட்டிக்கொண்டு, ஆறேழு வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். முழுதாக வளர்ந்த புழுவின் நீளமே சில மில்லிமீட்டர்தான். நாயின் மலத்தில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கும் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், பட்டியைக் காவல் காக்கும். நோய் இருப்பது யாருக்குமே தெரியாது.

மலத்தோடு வெளியே வரும் முட்டைகள் புல்லில், மண்ணில், குட்டைத் தண்ணீரில் கலக்கும். மேயும் ஆடு அதை விழுங்கினால் அதன் ஈரலிலும் நுரையீரலிலும் மறுபடி கட்டி வளரும். அந்த ஆடு ஒருநாள் அறுபடும்போது சக்கரம் ஒரு சுற்றை முடித்துவிடும்.

மனிதர்கள் இந்தச் சக்கரத்தில் சேரவே வேண்டியதில்லை. ஆனாலும் சேர்ந்துவிடுகிறோம். நாயின் ரோமத்தில் ஒட்டியிருக்கும் முட்டை, அதைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் முறுக்கு தின்னும் குழந்தையின் வாய்க்குப் போகலாம். சரியாகக் கழுவாத கீரை வழியாகவும் வரலாம். உள்ளே போனது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக மிக மெதுவாக வளரும். வருடக்கணக்கில் அறிகுறியே இருக்காது. என்றோ ஒருநாள் வயிற்று வலி, இருமல் என்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். பிறகு மாத்திரை, ஊசி மூலம் கட்டியை உறிஞ்சுதல், அறுவை சிகிச்சை என்று கட்டியின் தன்மையைப் பார்த்து வைத்தியம் நடக்கும். உலகில் எந்த நேரத்திலும் 10 லட்சம் பேருக்கு மேல் இந்த வகை நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிலும் இதைச் சேர்த்திருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஆட்டுக்கறி சாப்பிடுவதால் இந்த நீர்க்கட்டி நமக்கு வராது. ஆட்டின் கட்டியிலிருந்து மனிதருக்கு நேராகப் பரவுவதில்லை. நடுவில் நாய் இருந்தால்தான் வரும். அந்த நாய்க்கும் பச்சை ஈரல் கிடைத்தால்தான் வரும். ஆக, பழி கறியின் மேலும் இல்லை, நாயின் மேலும் இல்லை. வீசி எறிகிற கையில்தான் சக்கரத்தின் சாவி இருக்கிறது.

சுற்றிச் சுற்றி வரும் ஆடு

ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காட்சி பழக்கமாக இருக்கும். நன்றாக இருந்த குட்டி திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வரும். சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். மேய்ச்சலில் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். சில நாட்களில் படுத்துவிடும். காத்து கருப்பு என்று தாயத்து கட்டுகிறவர்களும் உண்டு.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் முக்கியமான ஒன்று, மூளையில் வளரும் நீர்க்கட்டி. இதுவும் நாயின் குடலில் வாழும் வேறொரு நாடாப்புழுவின் வேலை. இப்படி இறந்த ஆட்டின் தலையை உடைத்து நாய்க்குப் போட்டால், அடுத்த ஆட்டுக்கு நோய் தயார். பட்டி நாய் காட்டிலும் கொல்லையிலும் கழிக்கும் இடத்தில்தான் அதே பட்டியின் ஆடுகள் மறுநாள் மேயும்.

வேப்பூர் சந்தையில் ஒரு ஆட்டுக்கு நூறு, இருநூறு ரூபாய் கூடக் கிடைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுகிற விவசாயிக்கு, ஒரு குட்டி போனால் அது எவ்வளவு பெரிய நஷ்டம்! அதன் விலையோடு ஒப்பிட்டால் நாய்க்கு வாங்கும் ‘பிராசிகுவான்டல்’ குடற்புழு மாத்திரையின் விலை ஒன்றுமே இல்லை.

ஆட்டுப்பட்டி நாய்களுக்கு இந்த மருந்தை ஆண்டுக்கு 4 முறைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அளவை நாயின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார். எல்லாக் குடற்புழு மாத்திரையிலும் இந்த மருந்து இருக்காது. அதனால் கடையில் வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு சின்னப் புத்தகம் செய்த வேலை

இந்தச் சக்கரத்தை உடைக்க முடியுமா? உடைத்த ஊர்கள் இருக்கின்றன.

வடக்கே பனி சூழ்ந்த ஐஸ்லாந்தில் 19-ம் நூற்றாண்டில் இந்த நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆட்டை நம்பியே வாழ்ந்த தேசம் அது. ஆடு இருந்தால் நாயும் இருக்கும்தானே. 1863-ல் ஹரால்டு கிராபே என்ற டென்மார்க் கால்நடை மருத்துவ விஞ்ஞானி அங்கே போய் நாய்களை ஆராய்ந்தார். அடுத்த வருடமே, நோய் எப்படி வருகிறது, கட்டியுள்ள ஈரலை ஏன் நாய்க்குப் போடக் கூடாது என்று எளிய மொழியில் எழுதிய சிறு புத்தகம் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அப்போது மாத்திரை கிடையாது, ஸ்கேன் கிடையாது. நீண்ட இரவுகளில் குடும்பமாக உட்கார்ந்து புத்தகம் வாசிக்கும் பழக்கம் மட்டும் இருந்தது. பின்னர் நாய் வளர்ப்புக்குச் சட்டங்களும் வந்தன. கழிவை எரிப்பதும் புதைப்பதும் பழக்கமானது. நோய் அந்த நாட்டைவிட்டே போய்விட்டது.

நியூசிலாந்து இன்னொரு உதாரணம். 1959-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். பச்சை ஈரல், குடல் போன்ற கழிவை நாய்க்குப் போடுவதைத் தடுத்தார்கள், நாய்களுக்கு மருந்து கொடுத்தார்கள். 2002-ல் நோய் நீங்கியதாக அறிவித்தார்கள்.

இரண்டு நாட்டிலும் நாயை ஒழிக்கவில்லை. ஆட்டையும் விடவில்லை. நாயின் தட்டில் விழுவதைத்தான் மாற்றினார்கள்.

வேப்பூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அதைச் செய்ய முடியாதா என்ன? கட்டி உள்ள ஈரலை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கலாம், அல்லது எரிக்கலாம். நாய்க்கு ஈரல் போட்டே ஆக வேண்டும் என்றால், கட்டி இல்லாததை அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் கொதிக்கவைத்துப் போடலாம். குழந்தைகளுக்கு நாயைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நெடுஞ்சாலை எலும்பும் புளிக்குழம்பும்

சந்தை முடிந்து வெயில் ஏறும்போது கூட்டம் நெடுஞ்சாலை ஓர ஓட்டல்களுக்கு நகரும். நாய்களும் நகரும். இலை மடிக்கிற இடத்தில் அவற்றுக்கு விருந்து. பிரியாணி எலும்பு, சால்னா ஊற்றிய பரோட்டா, சாம்பார் சோறு என எல்லாம் கிடைக்கும். பேருந்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் மிச்சத்தைப் பொட்டலம் கட்டி நாய்க்கு வைத்துவிட்டுப் போகும்.

வீட்டு நாய்க்கும் பல இடங்களில் இதே மெனுதான். ‘நாங்க சாப்பிடுறதையே அதுவும் சாப்பிடும்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தட்டில் நான்கு ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, வெந்த எலும்பு. சமைத்த எலும்பு மெல்லும்போது ஊசி ஊசியாகச் சிதறும். தொண்டையில் சிக்கும், குடலைக் குத்தும், மலம் கட்டிக்கொள்ளும். கோழி எலும்பு மிக மோசம்.

இரண்டாவது, வெங்காயமும் பூண்டும். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பச்சையோ, வதக்கியதோ, பொடியோ எல்லாம் ஒன்றுதான். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்து. அதாவது 4 கிலோ பூனைக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயமே அதிகம்.

மூன்றாவது, எண்ணெயும் கொழுப்பும். ஒரே நாளில் நிறையக் கொழுப்பு உள்ளே போனால் கணையம் வீங்கி, வாந்தி, கடும் வயிற்று வலி வரலாம். விருந்து நாளுக்கு மறுநாள் நாய் முதுகை வளைத்து, எதையும் தொடாமல் படுத்திருந்தால் ‘நேத்து அதிகமா சாப்பிட்டுடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது.

நான்காவதைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். அது புளி. திராட்சை சாப்பிட்ட நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்பது பல வருடங்களாகத் தெரியும். ஏன் என்பதுதான் புரியாமல் இருந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2022-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததை அதில் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒரு கவளம் சாம்பார் சோற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், மரத்தடியில் புளி உலர்த்தும் வீட்டில் நாய்க்குட்டி அதை மென்று விளையாடுவதும், கெட்டியான புளிக்குழம்புச் சோறு தினமும் அதன் சாப்பாடாக இருப்பதும் நல்லதல்ல.

சோறு போடலாமா?

இவ்வளவும் கேட்டால், ‘அப்போ சோறே போடக் கூடாதா?’ என்ற கேள்வி வரும். நாய்க்குச் சோறு போடலாம். ஓநாயிலிருந்து வந்தாலும், மனிதரோடு சேர்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய் வளர்த்துக்கொண்டது. 2013-ல் சுவீடன் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு ‘நேச்சர்’ இதழில் இதைக் காட்டியது. மாவுச்சத்தை உடைக்கும் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் இருந்தது.

சிக்கல் சோற்றில் இல்லை, ‘சோறு மட்டும்’ என்பதில்தான். பழைய சோறும் மோரும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குப் புரதமும் போதாது, சுண்ணாம்புச் சத்தும் போதாது. கால் வளைந்துபோகும், முடி கொட்டும், புண் ஆறாது. நேர்மாறாக, ‘நம்ம நாய்க்குக் கறிதான்’ என்று எலும்பில்லாக் கறியை மட்டும் போட்டாலும் கால்சியம் குறைந்து எலும்பு பலவீனமாகும். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு வேட்டை நாய்க் குட்டிகளுக்கும் இதே கணக்குதான். வீரம் ரத்தத்தில் இருக்கலாம், எலும்பு தட்டிலிருந்துதான் வரும்.

சோற்றோடு வேகவைத்த முட்டை, எலும்பு எடுத்த கோழி, கொஞ்சம் பருப்பு, பூசணி, கேரட் சேர்க்கலாம். உப்பும் மசாலாவும் வேண்டாம். தினமும் வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கால்சியத்துக்கும் தாதுச் சத்துக்கும் என்ன சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

வேப்பூர் வட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இது மக்காச்சோளம் விளையும் பூமி. பக்கத்து விருத்தாசலம், மல்லாட்டை மூட்டைகள் வந்து குவியும் ஊர். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த சோளத்தையும் மல்லாட்டையையும் ‘மனுஷனுக்குத்தான் ஆகாது’ என்று மாட்டுக்கும் நாய்க்கும் போடும் வழக்கம் உண்டு. அந்தப் பூஞ்சையில் உருவாகும் ‘அஃப்ளாடாக்ஸின்’ நஞ்சு நாயின் ஈரலை நேராகத் தாக்கும். கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. பாக்கெட் உணவும் இதற்கு விலக்கில்லை. 2020 கடைசியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய் உணவில் கலந்திருந்த சோளத்தால் இந்த நஞ்சு சேர்ந்து, 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார் வந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வாசனை மாறினால் கொட்டிவிடுங்கள்.

விருத்தாசலத்துப் பூனையும் பீங்கான் கிண்ணமும்

வேப்பூர் கூட்டுரோட்டில் கிழக்கே திரும்பினால் இருபது சொச்சம் கிலோமீட்டரில் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலும் மணிமுத்தாறும் ஒரு அடையாளம் என்றால், செராமிக் இன்னொரு அடையாளம். நெய்வேலிப் பக்கம் கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. அகல் விளக்கு, சாமி பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று சூளையில் வெந்து வெளியே வருபவை ஏராளம். செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஊர்ப் பொருள் ஒன்று பூனை வளர்ப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். அது அகலமான, மேற்பூச்சு நன்றாக ஏறிய பீங்கான் கிண்ணம். பிளாஸ்டிக் தட்டில் நாளடைவில் கீறல் விழுந்து, அதில் கிருமி தங்கும். பூனையின் தாடையில் கருப்புப் புள்ளியாகப் பரு வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பீங்கானைச் சுத்தமாகக் கழுவலாம், பூனை முட்டினாலும் கவிழாது. அலங்காரத்துக்காகப் பெயின்ட் அடித்தது வேண்டாம். நாம் சாப்பிடுவதற்கென்று செய்த கிண்ணமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சரி, அந்தக் கிண்ணத்தில் என்ன ஊற்றுவது? எல்லோரும் சொல்லும் பதில், பால். ஆனால், குட்டிப் பருவம் தாண்டிய பல பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஊற்ற வேண்டியது தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் பூனைக்குத் தாகம் குறைவு. இரையின் உடலில் இருக்கும் ஈரத்தை நம்பி வாழப் பழகியது. உலர் தீனியை மட்டும் போட்டு, தண்ணீரையும் மூலையில் மறைத்து வைத்தால் சிறுநீர் கெட்டியாகும், மணல் போலப் படிகம் சேரும். ஆண் பூனைக்கு அது குழாயையே அடைத்துவிடும். மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அடைப்பு நீங்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள்.

பூனைக்குச் சைவமும் ஆகாது. தயிர் சாதம் மட்டும் போட்டு வளர்க்கும் பூனைக்கு ‘டாரின்’ என்ற சத்து கிடைக்காது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. அமெரிக்காவில் கடைத் தீனி தின்ற பூனைகளே கூட்டம் கூட்டமாக இதய வீக்கம் வந்து இறந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1987-ல் கலிஃபோர்னியாவில் பால் பயான் என்ற கால்நடை மருத்துவர், டாரின் குறைவுதான் காரணம் என்று ‘சயின்ஸ்’ இதழில் நிரூபித்தார். அதைச் சேர்த்ததும் பூனைகள் பிழைத்தன. அதன் பிறகுதான் தீனி நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. குறைவு நீடித்தால் கண் பார்வையும் போகும்.

மீனிலும் ஒரு கவனம் வேண்டும். ஏரிக் கெண்டை போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தினமும் போட்டால், அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். பூனை தலை தொங்கித் தள்ளாடும். வேகவைத்து, முள் எடுத்துப் போட்டால் பிரச்னை இல்லை.

அன்பு அதிகமானாலும் ஆபத்து

வேப்பூர்த் தெருநாய்க்குப் பசி பிரச்னை என்றால், நகரத்து அபார்ட்மென்ட் நாய்க்குக் கொழுப்பு பிரச்னை. டீக்கு ஒரு பிஸ்கட், டிபனுக்கு ஒரு நெய் தோசை, தாத்தா பங்குக்கு ஒரு ரஸ்க் என்று போனால் எடை ஏறாமல் என்ன செய்யும்? விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உடல் பருமன். மூட்டு வலி, பூனைக்குச் சர்க்கரை நோய் எல்லாம் பின்னாலேயே வரும்.

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பொங்கலிலும் பாயசத்திலும் உலர் திராட்சை இருப்பதை மறக்க வேண்டாம். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அதை உடைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

சாப்பாட்டால் எல்லாமே சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்கு அடிக்கடி வரும். சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்துப்போவது, மூக்கில் ரத்தம் என்றால் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கும், வெறிநோய்க்கும் தடுப்பூசிதான் வழி.

நல்லவேளையாக, உதவி தூரத்தில் இல்லை. அரசு கால்நடை மருந்தகங்களில் நாய், பூனைக்கும் வைத்தியம் உண்டு. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. வேப்பூரிலிருந்து சேலம் சாலையில் மேற்கே போனால் தலைவாசல் அருகே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால், 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. அது இருப்பது வேப்பேரியில்.

சந்தை கலைந்த பிறகு

மதியத்துக்குள் வேப்பூர் சந்தை காலியாகிவிடும். புழுக்கையும் வைக்கோலும் அறுந்த கயிறும் மட்டும் கிடக்கும். விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு ஆட்டுக்காரர் ஊருக்குக் கிளம்புவார். பின்னால் வந்த நாய் அவருக்கு முன்னால் ஓடும். வீட்டில் அது படுப்பது ஆட்டுப்பட்டி வாசலில். பேரப்பிள்ளை விளையாடுவதும் அதே வாசலில்தான்.

அந்த நாய்க்கு ராத்திரி என்ன கிடைக்கப்போகிறது? ஒரு முட்டை போட்ட சோறா, ஓரமாக வீசிய ஈரலா? அதைப் பொறுத்துத்தான் அடுத்த வருடம் சந்தைக்கு வரும் குட்டியின் நலமும், வாசலில் விளையாடும் குழந்தையின் நலமும் இருக்கின்றன. வரும் ஞாயிறு கறி எடுக்கும்போது, கடைக்காரர் வீசும் துண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நீர்க்கட்டி தெரிந்தால், ‘நாய்க்குப் போடாதீங்கண்ணே, புதைச்சிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.